கூட இருப்பவள்

மார்ச் 4, திங்கள்

இல்லை, கோபம் வரவில்லை. கோபப்பட ஓரிடத்தில் நிற்க வேண்டும். நான் அப்போது பெட்பான் எங்கே கிடைக்கும் என்று வார்டு முழுக்க அலைந்துகொண்டிருந்தேன். அதை எடுத்துக்கொண்டு திரும்பும்போதுதான் காதில் விழுந்தது. எதிர்க்கட்டிலில் கையில் மாவுக்கட்டோடு இருக்கும் செல்வக்கனி அத்தை கேட்டாள்:

"இது யாரு பிரமு?"

"சம்பளத்துக்கு வந்திருக்கா மைனி. மதுரக்காரி. பெரியவன்தான் ஏற்பாடு பண்ணி அனுப்பிருக்கான்."

அம்மா என் பக்கம் பார்க்காமல் சொன்னாள். நான் திரையை இழுத்துவிட்டேன்.

செல்வக்கனி அத்தை எங்கள் தெரு. அவள் வீட்டு டிவியில்தான் மற்றப் பையன்களோடு உட்கார்ந்து கிரிக்கெட் பார்த்தேன். பார்ப்பதாகப் பேர். பிரமுவுக்கு இரண்டு மகன்கள், சின்னவன் எங்கோ வெளியூரில் வேலை, வருவதே இல்லை. தெருவுக்குத் தெரிந்தது அவ்வளவு.

அம்மா சனிக்கிழமை அடிபம்பு பக்கத்தில் வழுக்கி விழுந்தாள். இடுப்பை ஒட்டித் தொடையெலும்பு முறிவு. அண்ணன் திருப்பூரிலிருந்து ஃபோன் செய்தான். நான்கு வருடத்தில் அவனாக அழைத்தது இதுதான் முதல் தடவை. எலும்பு முறிவுக்கான பெண்கள் வார்டு. கூட ஒரு பெண்தான் இருக்கலாம். ஆண்களுக்குப் பார்வையாளர் நேரம் மட்டும். மதினிக்கு நிறைமாதம்.

"நீ போயேன்," என்றான்.

"யாருன்னு சொல்லிப் போவ?"

"எப்பிடி இருக்கியோ அப்பிடியே போ. அதான் இப்பம் வேணும்."

பேண்ட் சட்டை போட்டால் மட்டும் வீட்டுக்கு வா என்று சொன்னவன். எனக்குச் சிரிப்பு வந்தது. சிரித்துக்கொண்டே பையில் சுடிதார்களை அடுக்கினேன்.

மார்ச் 5, செவ்வாய்

காலில் எடை கட்டித் தொங்கவிட்டிருக்கிறார்கள். அம்மா புரளக் கூடாது. முதுகில் புண் வராமலிருக்கப் பவுடர் போட வேண்டும், ஒரு பக்கமாகத் தூக்கிப் பிடித்துக்கொண்டு. அம்மாவின் முதுகை நான் இதற்கு முன் பார்த்ததில்லை. இடது தோளுக்குக் கீழே ஒரு பெரிய மச்சம் இருக்கிறது.

வேலைகள்: ஃப்ளாஸ்க், கஞ்சி, பெட்பான், வாய் கொப்பளிக்கக் கிண்ணம், துணி அலசல், மீண்டும் பெட்பான்.

"ஏட்டி, இங்க வா." "ஏட்டி, ஃபேனைக் கொறைக்கச் சொல்லு." "ஏட்டி, தலகாணிய அங்கிட்டு தள்ளு."

எங்கள் பக்கம் மகளை அப்படிக் கூப்பிடுவார்கள், பக்கத்து வீட்டுப் பெண்ணை, வேலைக்கு வரும் பெண்ணை. இருபத்தேழு வருடத்தில் அம்மா என்னை அப்படிக் கூப்பிட்டதில்லை. சம்பளக்காரிக்குக் கொடுத்தாள். நான் வாங்கிக்கொண்டேன்.

இதை எழுதியிருக்க வேண்டாம்.

பக்கத்துக் கட்டிலில் உவரியிலிருந்து ஒரு கிழவி. அவளுக்குத் துணை மருமகள் லூர்து அக்கா. பேச்சை நிறுத்தத் தெரியாதவர்.

"ஒம் பேரு என்ன?"

"இளவெயினி."

"அம்மாடி! இது வாய்க்குள்ள நுழையாது. நான் வேணின்னு கூப்பிடுதேன். எவ்வளவு தாராவ ஒனக்கு?"

"பேசலக்கா."

"பேசாமயா வந்த? கூறு கெட்டவளே! வேலை முடிஞ்ச பெறவு எவன் குடுப்பான்? நான் வேணா அந்தப் பெரியவங்கிட்ட பேசட்டா?"

வேண்டாம் என்றேன். அம்மா சுவர் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

மார்ச் 6, புதன்

ரவுண்ட்ஸ். எங்கள் யூனிட்டுக்கு ஆபரேஷன் நாள் செவ்வாய். அம்மாவுக்கு ரத்தம் குறைவு. இரண்டு யூனிட் ஏற்ற வேண்டும், பதிலுக்குச் சொந்தக்காரர்கள் வந்து கொடுக்க வேண்டும். "செவ்வாய விட்டா அடுத்த செவ்வாய்தான்மா. இந்த வயசுல அவ்வளவு நாள் படுத்தே கிடந்தா நெஞ்சுல சளி கட்டிரும். பெறவு காலைப் பாக்கவே நேரமிருக்காது." டாக்டருக்கு என் வயதுதான் இருக்கும். அவரும் தூங்கியிருக்கவில்லை.

அண்ணன் ஞாயிற்றுக்கிழமைதான் வர முடியும்.

மார்ச் 7, வியாழன்

அம்மா தூங்கும் நேரம் பார்த்து ரத்த வங்கிக்குப் போனேன். வேறு கட்டடம், வேப்பமரத்தைத் தாண்டி. அங்கே இருந்த இளைஞர் மரியாதையானவர். எடை பார்த்தார். சாப்பிட்டீர்களா, மஞ்சள் காமாலை வந்ததுண்டா, பச்சை குத்தியிருக்கிறீர்களா என்று கேட்டார்.

"யாருக்குக்கா குடுக்கீங்க?"

"எங்கம்மாவுக்கு. பெண்கள் வார்டு, பன்னிரண்டாம் கட்டில்."

அந்த வாக்கியத்தைச் சத்தமாகச் சொல்லி நான்கு நாள் ஆகியிருந்தது. அது வாயில் நன்றாக இருந்தது.

பிறகு ஆதாரைக் கேட்டார். பார்த்தார். திருப்பிப் பார்த்தார், பின்பக்கம் வேறு ஏதாவது எழுதியிருக்கும் என்பதுபோல.

"எடுக்கக் கூடாதுக்கா."

"ஏன்?"

"ரூல்ஸ்ல அப்பிடி. திருநங்கைகள்ட்ட எடுக்கக் கூடாது."

"சோதிச்சுப் பாருங்க. எனக்கு ஒண்ணும் இல்ல."

"எல்லாரு ரத்தத்தையும் சோதிக்கத்தான் செய்வோம். ஆனா உங்ககிட்ட எடுக்கவே கூடாது. நான் போட்ட ரூல் இல்லக்கா." அவர் என்னைப் பார்க்கவில்லை. மேஜையிலிருந்து ஒரு பிஸ்கட் பாக்கெட்டை நகர்த்தினார். ரத்தம் கொடுத்தவர்களுக்கு வைத்திருப்பது. "இதையாவது சாப்பிட்டுப் போங்க."

வேப்பமரத்தடியில் நின்று முழுப் பாக்கெட்டையும் சாப்பிட்டேன். பசித்தது.

மார்ச் 8, வெள்ளி

ஒரு பொய்யை ஒரு கட்டடத்தில் விட்டுவிட்டு அடுத்த கட்டடத்தில் உண்மை பேசினேன். இரண்டுக்கும் நடுவே தொலைபேசி இருக்கும் என்பதை யோசிக்கவில்லை.

அந்த இளைஞர் நல்லது செய்வதாக நினைத்துத்தான் வார்டுக்குப் பேசியிருக்க வேண்டும். சிஸ்டர் நடுவில் நின்று எல்லோருக்கும் கேட்கும்படி கேட்டார்:

"பன்னெண்டு! பிரமு! ஒங்க மகள்னு ஒரு திருநங்கை ரத்தம் குடுக்கப் போனாங்களாம். அவங்ககிட்ட எடுக்க முடியாதாம், வேற சொந்தக்காரங்கள அனுப்பணுமாம். யாரும்மா அது?"

கிழவிகள்கூட முனகுவதை நிறுத்தினார்கள். அம்மா கண்ணை மூடிக்கொண்டாள். தூங்குகிறவர்கள் அவ்வளவு இறுக்கமாக மூடமாட்டார்கள்.

மாலை பார்வையாளர் நேரத்தில் கோடிக் கட்டில் மூதாட்டியின் மருமகன் சிஸ்டரிடம் சத்தம் போட்டார். "லேடீஸ் வார்டுல ஆம்பளைய வச்சிருக்கீங்களே, எங்க வீட்டுப் பொம்பளையாளு துணி கிணி மாத்த வேண்டாமா?" அவர் நின்றிருந்ததும் அதே வார்டில்தான். அவருக்குப் பின்னால் ஒரு பெண்ணுக்குத் திரை போடாமல் கட்டுப் பிரித்துக்கொண்டிருந்தார்கள்.

"சிஸ்டர், நான் பெண்தான்," என்றேன்.

"எனக்குத் தெரியுதும்மா. நாலு நாளா பாக்கேன், பெத்த மக மாதிரிதான் பாக்க. ஆனா கம்ப்ளெயின்ட்னு வந்திருச்சே. மேல கேட்டா நான் ஏதாவது சொல்லணும்லா." அம்மாவிடம் திரும்பினார். "நீங்களே சொல்லுங்க. இது ஒங்க மகதானா? மகதான்னா வச்சுக்கிடுதேன், நான் பேசிக்கிடுதேன்."

செல்வக்கனி அத்தை கட்டிலில் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தாள்.

"வேலைக்கு வந்தவ," என்றாள் அம்மா.

"அப்ப சொந்தமும் இல்ல," என்றார் சிஸ்டர். மெதுவாகத்தான் சொன்னார். "வெளிய இரும்மா."

நாங்கள் யார் என்பதை நாங்களே சொல்லிக்கொள்ளலாம் என்ற பழைய நீதிமன்றத் தீர்ப்பு ஒன்று என் ஃபோனில் இருக்கிறது. முதுகலை படிக்கும்போது அதை வைத்துக் கருத்தரங்கில் கட்டுரை வாசித்தேன். கைதட்டினார்கள். இன்று நான் சிஸ்டரிடம் சொன்னது: "ஃப்ளாஸ்க்ல சுடுதண்ணி இருக்கு. மூடி சரியா இல்ல, அழுத்தித் திருகணும்."

மார்ச் 9, சனி

வார்டுக்கு வெளியே படிக்கட்டு. இங்கே ஆண்கள் துணியை விரித்துப் படுத்திருக்கிறார்கள். நான் சுவரோரமாக உட்கார்ந்திருக்கிறேன். ஒருவர் எழுந்து இடம் கொடுத்தார். இன்னொருவர் ஃபோனில் படம் எடுத்தார்.

அலுவலகக் கட்டடத்தில் புகார் எழுதிக் கொடுத்தேன். பெரிய டாக்டர் திங்கட்கிழமை பார்ப்பார் என்றார்கள்.

லூர்து அக்கா பல் துலக்க வரும்போதும் சோறு வாங்க வரும்போதும் நின்று சொல்லிவிட்டுப் போகிறார்.

"ஏ பிள்ள, ஒங்கம்மா... சரி, ஒங்க மொதலாளியம்மா... தண்ணியத் தொட மாட்டேங்காவ."

"ஏன்?"

"குடிச்சா போவணும்லா. ஆயா பக்கத்துல வந்தா வையுது கெழவி. நான் பெட்பான் வைக்கேன்னு போனேன். 'நீ ஒம் மாமியாளப் பாரு'ங்கு. நாக்கு வறண்டு போய்க் கெடக்கு, ஆனா பேச்சுக்குக் கொறச்சல் இல்ல."

"கஞ்சி?"

"ஒரு வாய்." பிறகு என் பக்கத்தில் படியில் உட்கார்ந்தார். "நெசமாவே மகதானா நீ?"

ஆமாம் என்றேன்.

"அதான பாத்தேன். சம்பளத்துக்கு வந்தவ இப்பிடிக் கோவப்படாம இருக்க மாட்டா."

மார்ச் 10, ஞாயிறு

அண்ணன் வந்தான். கூட ஒரு நண்பன். இருவரும் ரத்தம் கொடுத்தார்கள். அரை மணி நேரத்தில் முடிந்தது. அண்ணன் கையில் பஞ்சு ஒட்டியிருந்தது. முழங்கையை மடக்கிக்கொண்டு வார்டு வாசலுக்குப் போனான், திரும்பி வந்தான்.

"வாட்ச்மேன் உள்ள விட மாட்டேங்கான். ஆம்பளைக்கு அஞ்சு மணிக்கு மேலதானாம்."

"என்னையும் விடல."

அவன் யோசித்தான். "அப்பம் யாருதான் உள்ள இருக்கா?"

"யாரும் இல்ல."

அண்ணனுக்கு முன்தலை வழுக்கை விழுந்திருக்கிறது. அவனும் என்னை ஓரக்கண்ணால் பார்த்தான். தலைமுடியை, காதை. கேட்கவில்லை. நானும் மதினியைப் பற்றிக் கேட்கவில்லை, பிறகு கேட்டேன்.

ஐந்து மணிக்குப் போய்விட்டு வந்தான்.

"அழுதா. தண்ணி குடின்னேன், மாட்டேங்கா."

"என்ன சொன்னா?"

"என்ன சொல்லுவா? செல்வக்கனி அத்தை எதுத்தாப்புல வாயப் பாத்துக்கிட்டு இருக்கா." கழுத்தைத் தேய்த்தான். "பேசாம சம்பளத்துக்கு ஒரு பொம்பளையாளப் பிடிப்போம். நெசமான ஆளா."

நான் அவனைப் பார்த்தேன்.

"ஏய், சம்பளத்தச் சொன்னேன். நெசமா சம்பளத்துக்கு வாரவளச் சொன்னேன்."

இருவருக்கும் சிரிப்பு வந்தது. படிக்கட்டில் படுத்திருந்தவர் தலையைத் தூக்கிப் பார்த்தார்.

மார்ச் 11, திங்கள்

சம்பளத்துக்கு வந்த அம்மாள் காலையில் உள்ளே போனார். டீ ஆறுவதற்குள் வெளியே வந்தார். "நல்லா இருக்க கால வச்சு ஒதைக்க வருது உங்கம்மா. வேற ஆளப் பாருங்க." அண்ணன் அவர் பின்னாலேயே பேசிக்கொண்டு போனான்.

ரவுண்ட்ஸ் உள்ளே நடந்தது. நான் வெளியே. கதவில் கண்ணாடி இருக்கிறது, ஆனால் வெள்ளைச் சாயம் அடித்துவிட்டார்கள். டாக்டர்களின் குரல் கேட்டது, சொற்கள் கேட்கவில்லை. பிறகு அம்மாவின் குரல். அதுவும் சொற்களாக வரவில்லை. சண்டை போடும்போது வரும் குரல். தெருவில் தண்ணீர் லாரி வரும்போது நான் நிறையக் கேட்டிருக்கிறேன்.

லூர்து அக்கா ஓடிவந்தார்.

"ஏ பிள்ள, எந்திரி! கூப்பிடுதாவ!"

"என்னாச்சு?"

"டாக்டர் வந்து பாத்தாவ. தண்ணி குடிக்காம கிட்னியே கெட்டுப் போவும், இப்பிடி இருந்தா நாளைக்கித் தியேட்டருக்குள்ள கொண்டு போவ மாட்டேன்னாவ. கூட ஆளு இல்லையாம்மான்னு கேட்டாவ. ஒங்கம்மா சொன்னா பாரு, 'இருக்கா. எம் மவ இருக்கா. ஒங்க ஆளுவதான் தொரத்தி விட்டாவ'ன்னு."

மறுபடி சொல்லச் சொன்னேன்.

"'எம் மவ படிக்கட்டுல கெடக்கா, நான் எப்பிடித் தண்ணி குடிக்க?' அப்பிடின்னு."

"முதல்ல வேற மாதிரி சொன்னீங்க."

"ரெண்டுந்தான் சொன்னா!" மூன்றாவது தடவை சொல்லும்போது அம்மா டாக்டரின் கோட்டைப் பிடித்து இழுத்திருந்தாள். நான்காவது தடவை கேட்கவில்லை. எந்த வாக்கியம் உண்மையில் சொல்லப்பட்டது என்பது எனக்குத் தெரியப் போவதில்லை. நான் கதவுக்கு இந்தப் பக்கம் இருந்தேன்.

சிஸ்டர் வாசலில் நின்றிருந்தார். "போம்மா. திரைய மட்டும் போட்டு வச்சுக்கோ. யாரும் கேட்டா எங்கிட்ட வரச் சொல்லு."

வார்டின் நடுவே நடப்பது நீளமாக இருந்தது. கோடிக் கட்டில் மூதாட்டி போர்வையைக் கழுத்து வரை இழுத்துக்கொண்டார். செல்வக்கனி அத்தை, நான் கடக்கும்போது, மாவுக்கட்டுப் போடாத கையால் என் கையைப் பிடித்து நிறுத்தினாள்.

"எனக்கு வந்த அன்னைக்கே தெரியும். ஒங்கப்பா கண்ணுல்லா. பிரமு சங்கடப்படுவாளேன்னு வாய மூடிக்கிட்டு இருந்தேன்."

தெருவில் எத்தனை பேர் இப்படி வாயை மூடிக்கொண்டிருக்கிறார்கள் என்று அம்மாவுக்குத் தெரியுமா?

அம்மா என்னைப் பார்த்தாள். உதடு வெடித்திருந்தது.

"தண்ணி," என்றாள்.

ஒரு டம்ளர் குடித்தாள். இன்னொன்று. பிறகு நான் திரையை இழுத்தேன்.

அதற்குப் பிறகு பேசவில்லை. ஏட்டி இல்லை. எதுவுமில்லை. வேண்டியதைக் கையால் காட்டினாள். மாலையில் தலைவாரிவிடும்போது சுவரைப் பார்த்துச் சொன்னாள்:

"நீ மதுரைக்குப் போயிருவ. நான்லா அந்தத் தெருவுல கெடக்கணும்."

சிக்கெடுத்துக்கொண்டிருந்தேன். எனக்கும் அது சரியாகத்தான் பட்டது.

மார்ச் 12, செவ்வாய்

ஆபரேஷன் முடிந்தது. நன்றாக.

தியேட்டருக்குள் போகும்முன் கம்மலையும் மூக்குத்தியையும் கழற்றச் சொன்னார்கள். மூக்குத்தி வரவில்லை, எண்ணெய் தடவி நான்தான் திருகி எடுத்தேன். அம்மா என் உள்ளங்கையைப் பார்த்தாள். "அண்ணங்கிட்ட குடு."

கொடுத்தேன்.

கதவருகே பச்சை உடைக்காரர் கேட்டார், "பிரமு கூட யாரு? ஒருத்தர் மட்டும் உள்ள வந்து நில்லுங்க." அண்ணனும் நானும் எழுந்தோம். அண்ணன் திரும்ப உட்கார்ந்தான்.

"எனக்கு மருந்து வாடை ஆவாது," என்றான்.

மார்ச் 15, வெள்ளி

தையல் காய்ந்திருக்கிறது. ஒரு இட்லி முழுதாகச் சாப்பிட்டாள். லூர்து அக்காவின் மாமியாருக்கு டிஸ்சார்ஜ். அக்கா போகும்போது சம்பளத்தை விடாமல் வாங்கு என்று அம்மா முன்னாலேயே சொல்லிவிட்டுப் போனார். அம்மா உதட்டைக் கடித்துக்கொண்டாள். சிரிப்பாக இருக்கலாம்.

மார்ச் 17, ஞாயிறு

புகார் பற்றிக் கேட்கப் போனேன். அலுவலகம் பூட்டியிருந்தது. ஞாயிற்றுக்கிழமை என்பதே எனக்கு மறந்துவிட்டது.

மார்ச் 19, செவ்வாய்

நாளை வீட்டுக்குப் போகலாம். ஒன்றரை மாதம் காலை ஊன்றக் கூடாது. கூட ஆள் வேண்டும். டாக்டர் என்னிடம்தான் சொன்னார்: எப்படித் தூக்க வேண்டும், எப்படித் திருப்ப வேண்டும். அம்மா குறுக்கே பேசவில்லை. நான் பாடப்புத்தகங்களுக்கு மெய்ப்புப் பார்ப்பவள். அதை ஊரிலிருந்தும் பார்க்கலாம். கேட்டேன், அலுவலகத்தில் சம்மதித்தார்கள். இதை அம்மாவிடம் சொன்னபோது, "அங்க கரண்டு நிக்காது," என்றாள்.

அண்ணன் மதியம் ஃபோன் செய்தான். கஞ்சி ஊட்டிக்கொண்டிருந்ததால் ஸ்பீக்கரில் போட்டேன். மதினிக்கு வலி வந்து ஆஸ்பத்திரியில் சேர்த்திருக்கிறான், நாளை வர முடியாது.

"வேன எட்டு எட்டரைக்கு ஊருக்குள்ள வாரமாரி கெளம்பச் சொல்லு. ராத்திரி. தெரு அடங்கிரும். ஒனக்கும் நல்லது, அம்மாவுக்கும் நல்லது."

"சரி," என்றேன். உண்மையாகவே சரி என்றுதான் இருந்தது. பதினைந்து நாளாகப் பார்க்கப்பட்டுக்கொண்டே இருக்கிறேன். ஒரு இருட்டு வந்தால் போதும் என்றிருந்தது.

அம்மா கஞ்சிக் கரண்டியைக் கையால் தள்ளினாள்.

"ராத்திரி எதுக்கு? நான் என்ன களவாண்டுட்டா வாரேன்?"

"அம்மா, நான் அதுக்குச் சொல்லல..."

"வேனுல இருந்து என்னய எறக்கித் தூக்க நாலு பேரு வேண்டாமா? ராத்திரி எவன் இருப்பான்? பகல்லயே போவோம்." என்னைப் பார்த்தாள். "இவளுக்கு ஒத்தையில தூக்க முடியாது."

அண்ணன் மதினியைக் கூப்பிடுகிறார்கள் என்று வைத்துவிட்டான்.

அம்மா மிச்சக் கஞ்சியைக் குடித்தாள். உப்பு போதவில்லை என்றாள்.

கிண்ணத்தைக் கழுவி வைத்துவிட்டு, வேன்காரருக்கு ஃபோன் செய்து காலை பத்து மணிக்கு வரச் சொன்னேன்.